உப்புப் போடாத சோறு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுப்பா, வேலைவாய்ப்பைப் பற்றி மட்டும் வேண்டாம், அதற்கு வேறு ஆள் போட்டாச்சு" என்றார் செயலாளர். "அப்படியானால் ஜோம்பியைப் பற்றிப் பேசுகிறேன் சார்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். பிறகு, "பசங்களுக்குப் பிடிக்கும், பேசு" என்றார். பசங்களுக்குப் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணிக்கு லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அதில் பாதி நாள் ஜோம்பி படமாகத்தான் இருக்கும். அந்தப் படங்களில் காணாமல் போன ஓர் ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். யார் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன இலக்கணம். நம்ம ஊர்ப் பேய்க்கு உயிர் உண்டு, உடம்பு கிடையாது. அதனால்தான் யார் உடம்பிலாவது ஏறிக்கொண்டு புளியமரம், வேப்பிலை, உடுக்கை என்று நம்மை அலைக்கழிக்கிறது. ஜோம்பி இதற்கு நேர் எதிர். உடம்பு இருக்கிறது, நடக்கிறது, சொன்ன வேலையைச் செய்கிறது. உள்ளே ஆள் இல்லை. நம் விக்கிரமாதித்தன் கதையில் பிணத்துக்குள் புகுந்து முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளம் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் வேதாளம் மகா புத்திசாலி. ராஜாவையே கேள்வி கேட்டு மடக்கும். ஜோம்பி கேள்வியே கேட்காது. அதுதான் அதன் விசேஷம். அது ஏன் கேள்வி கேட்காது என்பதற்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

இந்த நம்பிக்கை வளர்ந்த இடம் ஹெய்ட்டி. கரீபியன் கடலில், கியூபாவுக்குப் பக்கத்துத் தீவின் மேற்குப் பகுதி. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அதற்கு சேன் தொமாங் என்று பெயர். 1780-களில் உலகத்திலேயே அதிக லாபம் சம்பாதித்துக் கொடுத்த காலனி அதுதான் என்று சொல்வார்கள். பாரிஸ் கடைகளில் அந்தக் காலத்தில் விற்ற சர்க்கரை, காபியில் பெரும்பங்கு அங்கிருந்து போனது. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1789 வாக்கில் சுமார் 5 லட்சம் பேர். அவர்களை ஆண்ட வெள்ளைக்காரர்கள் 30 ஆயிரம் சொச்சம்.

இங்கே என் தொழில் கொஞ்சம் குறுக்கே வருகிறது. நான் மெக்கானிக்கல். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு வருஷம் ஒரு சர்க்கரை ஆலையில்தான் இருந்தேன். கரும்புக்கு ஒரு குணம் உண்டு. வெட்டின கையோடு அரைக்க வேண்டும். ஒரு நாளைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சர்க்கரைச் சத்து உடைய ஆரம்பித்துவிடும், கட்டுமானம் இறங்கும். அதனால் அரவைப் பருவம் ஆரம்பித்தால் ஆலை நிற்கக் கூடாது. ராத்திரி பகல் கிடையாது, தீபாவளி பொங்கல் கிடையாது. எங்களுக்கு மூன்று ஷிப்ட் இருந்தது, மாற்றாள் இருந்தார், கேன்டீனில் டீ இருந்தது. சேன் தொமாங்கில் கரும்பு இதே கரும்புதான், ஷிப்ட் மட்டும் கிடையாது. பகலெல்லாம் வயலில் வெட்டினவர்களே முறை வைத்து ராத்திரி ஆலையிலும் நிற்க வேண்டும்.

அன்றைய ஆலை என்பது செங்குத்தாக நிறுத்திய மூன்று உருளைகள். மாடோ, தண்ணீரோ, காற்றோ சுற்றும். கரும்பைக் கையால்தான் ஊட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் நுனி மாட்டினால் உருளை கையோடு இழுத்துக்கொள்ளும். சுற்றுகிற மாட்டை உடனே நிறுத்த முடியாது. அதற்கு அந்தக் காலக் கரீபியன் ஆலைகளில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருந்தார்கள். உருளைக்குப் பக்கத்திலேயே ஒரு கோடாலி. ஆளைக் காப்பாற்ற கையை வெட்டிவிடுவது. நாங்கள் மில்லில் எமர்ஜென்சி ஸ்டாப் கயிறு தொங்கவிட்டிருந்த இடத்தில் அவர்கள் கோடாலி மாட்டியிருந்தார்கள். பல புத்தகங்களில் இதைப் படித்த பிறகு எனக்கு ஜோம்பி படம் பார்க்கிற சுகமே போய்விட்டது.

ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். 1780-களின் கடைசியில் வருஷத்துக்கு 30 ஆயிரத்துக்கும் மேல் புது அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கித்தான் கணக்கைச் சரிக்கட்டினார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிற மாதிரி.

இப்படி வாழ்ந்தவர்களுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. செத்தால் உயிர் கடலுக்கு அடியில் நடந்து கினே போய்ச் சேரும் என்று நம்பினார்கள். கினே என்றால் ஆப்பிரிக்கா, மூதாதையர் ஊர். ஆகவே அவர்களுக்குச் சாவு என்பது ஊருக்குப் போகிற வண்டி. இந்தப் பின்னணியில் ஜோம்பியை நினைத்துப் பாருங்கள். மந்திரவாதி ஒருவன், அவர்கள் பேச்சில் 'போகோர்', உயிரைப் பிடித்துக் குடுவைக்குள் அடைத்துவிடுகிறான். உடம்பைக் குழியிலிருந்து எழுப்பி வயலுக்கு ஓட்டுகிறான். செத்தும் விடுதலை இல்லை! செத்த பிறகும் கரும்பு வெட்ட வேண்டும்!

அதனால் ஹெய்ட்டி கிராமத்து ஆள் ஜோம்பியைப் பார்த்து நம்மைப் போல் ஓடவில்லை. 'ஐயோ, நம்மையும் ஜோம்பி ஆக்கிவிடுவார்களோ' என்றுதான் பயந்தான். வசதி உள்ளவர்கள் கல்லறை மேல் கனமான பாறை வைத்தார்கள். சிலர் புதைத்த இடத்தில் உடம்பு கெட்டுப்போகும் வரை காவல் இருந்தார்கள். ஜோம்பி அவர்களுக்கு வில்லன் கிடையாது. வில்லன் அதை வேலை வாங்குகிற எஜமான்.

1791 ஆகஸ்டில் அந்த அடிமைகள் கலகம் செய்தார்கள். பதின்மூன்று வருஷம் சண்டை. நெப்போலியன் அனுப்பின படையையும் தோற்கடித்து 1804 ஜனவரி 1-ஆம் தேதி சுதந்திர நாடு ஆனார்கள். அடிமைகள் எழுந்து நாடே அமைத்தது என்றால் அது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க் கப்பல்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, 'எங்கள் முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் நஷ்ட ஈடு கொடு' என்றது. இழந்த சொத்தில் அந்த மனிதர்களும் சேர்த்தி. தங்களையே விலை கொடுத்து வாங்கினார்கள். பிறகு தொகையைக் குறைத்தார்கள் என்றாலும், அதற்காக வாங்கின கடனின் வால் 1947-ல்தான் அறுந்தது. வீட்டு லோனுக்கு 20 வருஷ ஈ.எம்.ஐ. கட்டுகிற என் செட் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

ஒரு சின்ன விலகல். அடிமை முறையை பிரான்ஸ் 1848-ல் ஒழித்ததும், பக்கத்தில் தன் கையிலேயே இருந்த மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளுக்குக் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1853-லிருந்து கப்பல்கள் எங்கிருந்து போயின தெரியுமா? பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும். ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் போனார்கள். குவாடலூப்பில் ராமசாமி என்கிற குடும்பப் பெயரை இன்றும் பார்க்கலாம், மாரியம்மன் கோயிலும் உண்டு. அந்தத் தீவுகளிலும் ஜோம்பி என்ற சொல் உண்டு. ஆனால் அங்கே அது ராத்திரியில் பல ரூபத்தில் வருகிற பொதுப் பேய். வேலை செய்கிற பிணம் ஹெய்ட்டியின் தனிச் சரக்கு.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஹெய்ட்டிக்காரர்கள் சொல்வது இது: ஜோம்பிக்குச் சோறு போடலாம், உப்பு மட்டும் போடக் கூடாது. ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால் போச்சு. அதற்கு நினைவு வந்துவிடும். தான் யார், தன்னை என்ன செய்தார்கள் என்று தெரிந்துவிடும்.

இதை முதன்முதலில் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம ஊரில் ஒருவன் எவ்வளவு அவமானப்படுத்தினாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன கேட்கிறோம்? "நீ உப்புப் போட்டுத்தானே சோறு திங்கிற?" என்று கேட்கிறோம். உப்புக்கும் ரோஷத்துக்கும் என்ன கெமிக்கல் சம்பந்தம் என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஹெய்ட்டிக்காரனுக்குத் தமிழ் தெரியாது, நமக்குக் கிரியோல் தெரியாது. இருந்தும் அங்கே கதையாக இருப்பது இங்கே வசவாக இருக்கிறது.

அந்த உப்புக் கதையை வெளியுலகத்துக்குச் சொன்னவர் வில்லியம் சீப்ரூக் என்கிற அமெரிக்க எழுத்தாளர். 1915-லிருந்து 1934 வரை அமெரிக்கப் படை ஹெய்ட்டியைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, விவசாயிகளைப் பிடித்துச் சம்பளம் இல்லாமல் ரோடு போட வைத்தார்கள். அந்த ஆட்சி நடக்கும்போது போன சீப்ரூக் 1929-ல் 'தி மேஜிக் ஐலண்ட்' என்ற புத்தகம் போட்டார். மசாலா கொஞ்சம் தூக்கலாக எழுதுகிற ஆள், அதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். தான் அங்கே கேட்டதாக ஒரு கதை சொல்கிறார். நடந்ததாகச் சொல்லப்படும் வருஷம் 1918.

ஹாஸ்கோ என்று ஓர் அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனி. நிஜக் கம்பெனிதான். அந்த வருஷம் கரும்பு அமோக விளைச்சல், ஆள் தேவை. ஒரு மேஸ்திரி கந்தல் கட்டின கூட்டம் ஒன்றை ஓட்டிக்கொண்டு வருகிறான். யாரும் வாய் திறக்கவில்லை, கண்ணில் ஒளி இல்லை. மலைநாட்டு ஜனங்கள், கம்பெனி சத்தத்தில் மிரண்டிருக்கிறார்கள் என்று கதை விடுகிறான். வேலை மட்டும் சுத்தமாக நடக்கிறது. சனிக்கிழமை சம்பளத்தை மேஸ்திரி வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். சாப்பாடு உப்பில்லாமல் தனியாக வேகிறது. ஒரு திருவிழா நாளில் மேஸ்திரி பட்டணம் போய்விட, பெண்டாட்டி காவலுக்கு இருக்கிறாள். இதுகளைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், ஊர்வலமாவது பார்க்கட்டும் என்று கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு தின்பண்டமும் வாங்கிக் கொடுக்கிறாள். வெல்லப் பாகில் பருப்புப் போட்டுச் செய்தது, நம்ம கடலை மிட்டாய் மாதிரி. தித்திப்புதானே என்று கொடுத்துவிட்டாள். பருப்பை உப்புப் போட்டு வறுத்திருந்தார்கள்.

தின்றதும் அத்தனை பேரும் ஓலமிட்டு எழுந்து மலையைப் பார்த்து நடக்கிறார்கள். யாராலும் தடுக்க முடியவில்லை. சொந்த ஊர் எல்லையில் ஜனங்கள் அடையாளம் கண்டு, என் மகளே, என் புருஷனே என்று கத்துகிறார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேரே சுடுகாட்டுக்குப் போய் அவரவர் குழியைக் கையால் தோண்டி, மண்ணைத் தொட்டதும் பிணமாக விழுந்தார்கள். மேஸ்திரியை அந்த ஊர்க்காரர்கள் உயிரோடு விடவில்லை. பெண்டாட்டி என்ன ஆனாள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். அந்தக் கதையிலேயே இரக்கப்பட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

புத்தகம் வந்த மூன்றே வருஷத்தில், 1932-ல், ஹாலிவுட்டில் 'ஒயிட் ஜோம்பி' வந்துவிட்டது. டிராகுலாவாக நடித்துப் பேர் வாங்கின பேலா லுகோசிதான் மந்திரவாதி, சர்க்கரை ஆலை முதலாளியும் அவரே. அதில் ஓர் ஆலைக் காட்சி வரும். ஜோம்பிகள் சுற்றுகட்டையைத் தள்ளிச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கரும்புக் கூடையோடு ஒருவன் தடுமாறி அரவைக்குள் விழுகிறான். ஒருவரும் நிற்கவில்லை, ஆலையும் நிற்கவில்லை. பின்னணியில் அந்தக் கட்டையின் கிறீச் சத்தம் மட்டும். படம் மொத்தத்தில் சுமார்தான். ஆனால் அந்த ஒரு காட்சியை எடுத்தவனுக்கு இந்த விஷயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

பிறகு 1968. பிட்ஸ்பர்க் பக்கம் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் கையில் இருந்த சொற்பக் காசைப் போட்டு 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார்கள். இன்று நாம் பார்க்கிற ஜோம்பி, கூட்டமாக வருவது, மனித மாமிசம் தின்பது, தலையில் அடித்தால்தான் விழுவது, எல்லாம் அந்தப் படம் போட்ட ரோடு. வேடிக்கை என்னவென்றால் படத்தில் ஜோம்பி என்ற வார்த்தையே வராது. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றும்போது காப்பிரைட் வரியை விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் உரிமையே போயிற்று. யார் வேண்டுமானாலும் போடலாம், காப்பியடிக்கலாம். கடி வாங்கினவன் கடிப்பது போல் உலகம் முழுக்கப் பரவியது. 1978-ல் அதே ரொமேரோ செத்தவர்களை ஷாப்பிங் மாலுக்குள் உலவ விட்டார். பிறகு வைரஸ் வந்தது, காளான் வந்தது, கொரியா ரயில் வந்தது. தமிழுக்கு 2016-ல் 'மிருதன்' வந்து சேர்ந்தது. 2011-ல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமே, ஜோம்பி வந்தால் என்ன செய்வது என்கிற சாக்கில் புயல், வெள்ளத்துக்கு முன்தயாரிப்புப் பாடம் நடத்தியது. கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆட்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்று: யூனிக்ஸிலும் ஜோம்பி உண்டு. வேலை முடிந்து செத்துப்போன புராசஸ், அதைப் பெற்ற புராசஸ் வந்து கணக்கை வாங்கிக்கொள்கிற வரை பட்டியலில் உட்கார்ந்திருக்கும். கில் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை, ஏற்கெனவே செத்ததை எப்படிக் கொல்வது?

முதலில் காணாமல் போன ஆள் என்றேனே, அது எஜமான். 1968-க்குப் பிறகு வந்த படங்களில் மந்திரவாதி அநேகமாக இல்லை. ஆலை இல்லை, மேஸ்திரி இல்லை, சம்பளத்தைப் பையில் போட்டுக்கொள்கிறவன் இல்லை. மிச்சம் இருப்பது அந்தப் பாவப்பட்ட கூலிக்கூட்டம் மட்டும். அதை நாம் வீட்டுக்குள் இருந்துகொண்டு துப்பாக்கியால் சுடுகிறோம். வீடியோ கேமில் சுட்டால் பாயின்ட் வேறு. ஹெய்ட்டிக் கிழவி ஒருத்தி இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று யோசிப்பேன். "அடப்பாவி, அது யார் பெற்ற பிள்ளையோ" என்பாள்.

செயலாளர் சீட்டு அனுப்புகிறார். 'இது நிஜமா, கட்டுக்கதையா' என்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

கிளேர்வியஸ் நார்சிஸ் என்று ஒருவர். 1962-ல் ஹெய்ட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இறந்ததாக எழுதிக் கொடுத்து, புதைத்தாயிற்று. 1980-ல் ஒரு ஆள் தங்கை முன்னால் வந்து நின்று, 'நான்தான் கிளேர்வியஸ்' என்கிறார். சின்ன வயசில் வீட்டுக்குள் கூப்பிட்ட பெயரையும் சொல்கிறார். நிலத் தகராறில் அண்ணன் தம்பியே தன்னை விற்றதாகவும், தோட்டத்தில் அடிமை வேலை செய்ததாகவும் கூறினார். ஹார்வர்டிலிருந்து வேட் டேவிஸ் என்ற தாவர ஆராய்ச்சியாளர் போனார். மந்திரவாதிகளின் பொடியில் பேத்தை மீன் சேர்கிறது, அதிலுள்ள டெட்ரோடாக்சின் நரம்பில் சோடியம் போகிற வழியை அடைத்து ஆளைப் பிணம்போல் ஆக்கலாம், பிறகு ஊமத்தை கொடுத்து மயக்கத்திலேயே வைக்கலாம் என்று 1985-ல் புத்தகம் எழுதினார். ஆமாம், நம்ம ரோட்டோர ஊமத்தையின் இனம்தான். அங்கே அதற்கு 'ஜோம்பி வெள்ளரி' என்று பெயர். ஆனால் அந்தப் பொடிகளைச் சோதித்த வேறு விஞ்ஞானிகள், விஷம் இருக்கிற அளவு ஒன்றுக்கும் உதவாது என்றார்கள். ஒரு துளி கூடினால் ஆள் நிஜமாகவே செத்துவிடுவான், குறைந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். இத்தனை துல்லியமான டோஸ் கிராமத்தில் சாத்தியமா? எனக்கும் நம்பிக்கை இல்லை.

எனக்குப் பெரிதாகப் பட்டது 1997-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ரோலண்ட் லிட்டில்வுட்டும் சவான் தூயோனும் எழுதிய கட்டுரை. ஜோம்பி என்று சொல்லப்பட்ட மூன்று பேரை நேரில் பரிசோதித்தார்கள். ஒருவருக்குக் கடுமையான மனநோய். ஒருவருக்கு மூளை பாதிப்பும் வலிப்பும். ஒரு பெண்ணுக்குப் பிறவியிலிருந்தே மனவளர்ச்சிக் குறைவு. இரண்டு பேருக்கு டி.என்.ஏ. பார்த்தார்கள். 'செத்துப்போன எங்கள் பிள்ளை திரும்பி வந்துவிட்டது' என்று வைத்திருந்த குடும்பத்துக்கும் அவர்களுக்கும் ரத்த சம்பந்தமே இல்லை. அந்தப் பெண்ணை வேறொரு ஊர்ச் சந்தைக்குக் கூட்டிப்போனால், அங்கே ஜனங்கள், 'இவள் எங்கள் ஊர்ப் பெண் ஆயிற்றே' என்று அடையாளம் சொல்கிறார்கள். இரண்டு குடும்பமும் அவள் தங்களுடையவள் என்கிறது.

புத்தி பேதலித்துத் தெருவில் அலைகிற ஒரு ஜீவன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய். வெறித்த பார்வை, குழறல் பேச்சு, பழசு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஊர் சொல்கிறது, ஜோம்பி அப்படித்தான் இருக்கும் என்று. அம்மா கூட்டிப்போய்ச் சோறு போடுகிறாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் அதே நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த மூவரில் ஒருவர் விஷயத்தில், ஜோம்பி ஆக்கினான் என்று மாமன் முறைக்காரர் ஒருவருக்கு ஆயுள் தண்டனையே விதித்திருந்தார்கள். பிறகு டி.என்.ஏ. சொன்னது, அவன் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று.

கடைசியாக ஒரு தகவல். 1975-ல், டுவாலியே சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்தபோது, ஃபிராங்கெத்தியேன் என்ற ஹெய்ட்டி எழுத்தாளர் 'தெஸாஃபி' என்று ஒரு நாவல் எழுதினார். கிரியோல் மொழியின் முதல் நாவல் என்று சொல்கிறார்கள். வயலில் ஜோம்பிகளை வைத்து வேலை வாங்குகிற மந்திரவாதி, அவனுக்கு ஒரு மகள். அவளுக்கு ஒரு ஜோம்பி மேல் மனசு போய்விடுகிறது. உப்புக் கொடுத்துவிடுகிறாள். அவன் மற்றவர்களுக்கும் கொடுக்கிறான். சீப்ரூக் கதையில் உப்புத் தின்றவர்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். இதில் எஜமான் வீட்டுக்குப் போகிறார்கள்.

பந்தி போட்டாயிற்று என்று சொல்கிறார்கள்.